எஸ்டேட்டுக்கு ஒரு எஸ்டேட் கார்

போடியில் யாரிடமாவது "எஸ்டேட் கார்" என்று சொல்லிப் பாருங்கள். "எந்த எஸ்டேட்காரர்?" என்று திருப்பிக் கேட்பார்கள். நம் ஊரில் எஸ்டேட் என்றால் ஏலத்தோட்டம். எஸ்டேட் வண்டி என்றால் ஜீப். விடியற்காலையில் ஆட்களை ஏற்றிக்கொண்டு முந்தல் வழியாக மேலே போய், சாயங்காலம் திரும்பக் கொண்டுவந்து இறக்கிவிட்டு, நடுவில் உர மூட்டை, அரிசி, ஏலக்காய்ச் சாக்கு, துக்கத்துக்குப் போகிறவர்கள் என்று எதைக் கொடுத்தாலும் சுமக்கிற ஜீப். அதைத் தவிர எஸ்டேட் கார் என்று தனியாக ஒரு ரகம் உண்டு என்பது நம்மில் பலருக்குத் தெரியாது.

உண்மையில் அந்தப் பெயர் வந்ததே நம்மைப் போன்றவர்களால்தான். இங்கிலாந்தில் பெரிய பண்ணை வைத்திருந்தவர்கள், ரயிலடியில் இறங்குகிற விருந்தாளிகளையும் அவர்கள் பெட்டி படுக்கையையும் பண்ணை வீட்டுக்குக் கொண்டுவர, பின்பக்கம் நீளமாகக் கூரை போட்ட வண்டிகளை வைத்திருந்தார்கள். அது எஸ்டேட் கார் ஆயிற்று. அதே வேலையைச் செய்ததை அமெரிக்காக்காரன் ரயில் நிலையத்தின் பெயரால் ஸ்டேஷன் வேகன் என்றான். போடிக்கு 1928-ல் ரயில் வந்த பிறகு நம் ஊர் ஸ்டேஷனுக்கும் மலைக்கும் நடுவே ஓடிய வண்டிகளெல்லாம் செய்தது இதே வேலைதானே.

டிக்கி தனியாக நீட்டிக்கொண்டு நிற்காமல், காரின் கூரை கடைசி வரை போய், பின்கதவு மேலே தூக்கித் திறந்தால் அது எஸ்டேட். நம் நாட்டில் இந்த உருவம் எடுபடவே இல்லை. 1992-ல் டாட்டா, எஸ்டேட் என்று பெயரே வைத்து ஒரு வண்டி விட்டுப் பார்த்தது. மாருதி பலேனோவில் ஆல்ட்டுரா என்று ஒன்று வந்தது. ஃபியட்டும் முயன்றது. "பின்னாடி பார்த்தா ஆம்புலன்ஸ் மாதிரி இருக்கு" என்று நம் ஜனங்கள் ஒரே பேச்சில் ஒதுக்கிவிட்டார்கள். வெளிநாட்டில் கதை வேறு. 1994-ல் ஆடி கம்பெனி போர்ஷேயோடு சேர்ந்து ஆர்எஸ்2 என்று 315 குதிரைத்திறனில் ஒரு எஸ்டேட் காரைக் கொண்டுவந்தது. அதே வருஷம் இங்கிலாந்துப் பந்தயத்தில் வோல்வோ 850 எஸ்டேட்டையே ஓட்டினார்கள். மூட்டை ஏற்றுகிற வண்டி பந்தயத்தில் ஓடுவதைப் பார்த்து அந்த ஊர்க்காரர்கள் முதலில் சிரித்திருப்பார்கள்.

இவ்வளவும் எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டால், என் தம்பி மகன்தான் காரணம். 2013-ல் அவன் ஒரு பழைய எஸ்டேட் கார் வாங்க என்னைக் கோயம்புத்தூருக்கு இழுத்துக்கொண்டு போனான். வங்கியில் வேலை பார்த்த காலத்தில் நூற்றுக்கணக்கான ஜீப்புகளுக்குக் கடன் பார்த்தவன் நான் என்பதால், வண்டியைப் பற்றித் தெரியாவிட்டாலும் வண்டியின் காகிதத்தைப் பற்றித் தெரியும் என்று அவனுக்கு நம்பிக்கை.

காரணம் ஆசை மட்டும் இல்லை. அந்த வருஷம் ஆனிச் சாரலில் தம்பி தோட்டத்துச் சரிவில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பை முறித்துக்கொண்டான். மதுரையில் ஆபரேஷன் செய்து பிளேட் வைத்தார்கள். மூன்று வாரம் போடி வீட்டில் படுத்திருந்தவன், காய் எடுப்பு தொடங்கியதும் மேலே போயே தீருவேன் என்று பிடிவாதம் பிடித்து ஜீப்பில் ஏறிவிட்டான். ஜீப்பின் பட்டை ஸ்பிரிங் மூட்டைக்குத்தான் நல்லது. பதினேழு கொண்டை ஊசி வளைவையும் தாண்டி, போடிமெட்டு போய், அங்கிருந்து பூப்பாறைப் பக்கம் தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது அவன் முகத்தில் ரத்தமே இல்லை என்று அவன் பெண்சாதி சொன்னாள். "இனிமே அந்த ஜீப்புல ஏற மாட்டேன்" என்று சொல்லிவிட்டான். அடுத்த எக்ஸ்ரேக்கு மதுரை போக வேண்டிய தேதி வந்தது, போகவில்லை. எலும்பு சரியாகக் கூடவில்லை என்றால் மறுபடி திறக்க வேண்டி வரும் என்று டாக்டர் போனில் எச்சரித்தார். ஆம்புலன்ஸ் வைக்கலாம் என்றேன். "சங்கு ஊதிக்கிட்டு ஊருக்குள்ள வர்றதுக்கு நான் என்ன செத்தா போயிட்டேன்?" என்றான். ரயிலும் கிடையாது. 2010 கடைசியோடு மீட்டர் கேஜ் வண்டி நின்று, அகலப் பாதை எப்போது வரும் என்று ஊரே காத்திருந்த காலம் அது.

காலை நீட்டிப் படுக்கிற மாதிரி இருக்க வேண்டும், குலுக்கக் கூடாது, மூன்று பேரோடு மலை ஏற வேண்டும். பழைய இன்னோவா விலை எட்டு லட்சத்துக்குக் குறையவில்லை. தம்பி மகன் எங்கெங்கோ தேடி, ஸ்கோடா ஆக்டேவியா காம்பி என்று ஒன்றைக் கண்டுபிடித்தான். செக் நாட்டுக் கம்பெனி, இப்போது ஃபோக்ஸ்வேகன் கையில் இருக்கிறது. நம் நாட்டில் ஔரங்காபாத்தில் கோத்தார்கள். காம்பி என்பது ஜெர்மன்காரர்கள் எஸ்டேட் காருக்கு வைத்த பெயர். கோவையில் பழைய கார் விற்கிற ஒருவரிடம் 2006 மாடல் ஒன்று இருப்பதாகச் சொன்னான். அதைச் சொல்லும்போது அவன் குரலில் ஒரு துள்ளல். "பெரியப்பா, அது ஆர்எஸ். சாதா வண்டி இல்ல. பவர் வண்டி."

தேனியிலிருந்து ஒரு மெக்கானிக்கையும் கூட்டிக்கொண்டு போனோம். அவருக்கு நாள் கூலியும் சாப்பாடும். இந்தச் செலவுக்குக் கணக்குப் பார்க்கிறவர்கள் பழைய வண்டி வாங்கப் போகக் கூடாது.

வண்டி அழகாகத்தான் இருந்தது. வெள்ளி நிறம். பின்கதவில் 'ஆர்எஸ்' என்று பளபளவென்று எழுத்து. மீட்டரில் 62,000 கிலோமீட்டர். விலை 4,75,000. விற்பவர் நல்ல பேச்சுக்காரர். "டாக்டர் ஓட்டின வண்டிங்க சார். ஞாயித்துக்கிழமை மட்டும் எடுப்பாருங்க" என்றார். பழைய கார் விற்கிற இடங்களில் எல்லா வண்டியையும் டாக்டர்தான் ஓட்டியிருக்கிறார்; நம் நாட்டில் இவ்வளவு டாக்டர்கள் இருந்தால் கிராமத்துக்கு ஏன் ஆள் கிடைக்கவில்லை என்று தெரியவில்லை.

மெக்கானிக் பானெட்டைத் திறந்து பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் தம்பி மகனைக் கூப்பிட்டுக் காட்டினார். உள்ளே இருந்தது 1.9 லிட்டர் டீசல் எஞ்சின். அந்தக் காலத்து ஆக்டேவியாவில் ஆர்எஸ் என்று நம் நாட்டில் விற்றது 1.8 லிட்டர் டர்போ பெட்ரோல், 150 குதிரைத்திறன். இந்த டீசலுக்கு 90. யாரோ கடையில் எழுத்தை வாங்கி ஒட்டியிருக்கிறார்கள். விற்பவரைக் கேட்டால், "அது வாங்குனப்பவே இருந்ததுங்க" என்றார். இருக்கலாம்.

பையனுக்கு முகம் விழுந்துவிட்டது. கிளம்பலாம் என்றான். அப்போது மெக்கானிக் சொன்னது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. குதிரைத்திறனில் 150-க்கும் 90-க்கும் எட்டாத தூரம். ஆனால் இழுவை, அதாவது டார்க் என்று சொல்கிறார்களே, அது இரண்டு எஞ்சினுக்கும் ஒன்றே: 210 நியூட்டன் மீட்டர். பெட்ரோல் எஞ்சின் அந்த இழுவையை உயர்ந்த சுற்று வரை பிடித்துக்கொண்டு போகும், அதனால் நெடுஞ்சாலையில் பறக்கும். டீசலுக்கு 1900 சுற்றிலேயே முழு இழுவையும் கிடைத்துவிடும். "போடிமெட்டு வளைவுல ரெண்டாவது கியர்ல ஏறுறப்ப உங்களுக்கு வேண்டியது இந்த 1900 தான் தம்பி. 150 குதிரைய அங்க எங்க ஓட்டப் போறீங்க?" என்றார்.

நம் மலை ரோட்டை நினைத்துக்கொண்டால் இது புரியும். இருபது கிலோமீட்டர் சொச்சத்தில் ஆயிரம் மீட்டருக்கு மேல் ஏற்றம். புலியூத்து தாண்டி ஒவ்வொரு வளைவிலும் வேகம் செத்து, மறுபடி உயிர் வர வேண்டும். மேலேயிருந்து வருகிற லாரிக்கு வழி விட்டு நின்றால் நின்ற இடத்திலிருந்து இழுக்க வேண்டும். அங்கே வேகம் யாருக்கும் உதவாது. குறைந்த சுற்றில் முனகாமல் இழுக்கிற வண்டிதான் நமக்குப் பவர் வண்டி. ஜீப்புக்காரர்கள் காலகாலமாக இதைத்தான் பார்த்து வாங்கினார்கள். அவர்களுக்கு நியூட்டனும் தெரியாது, மீட்டரும் தெரியாது.

ஓட்டிப் பார்க்கக் கேட்டோம். அவினாசி ரோட்டில் ஒரு சுற்று போய்வரச் சொன்னார் விற்பவர். சமதளத்தில் ஓட்டி எங்களுக்கு என்ன ஆகப்போகிறது? மருதமலைக்கு விடச் சொன்னேன். கடைப் பையன் ஒருவன், நாங்கள் மூன்று பேர். மலை சின்னதுதான், ஆனால் ஏற்றம் ஏற்றம்தானே. முருகன் புண்ணியத்தில் ஏறும்போது குறை ஒன்றும் இல்லை. மெக்கானிக் வளைவில் வேண்டுமென்றே நிறுத்தி, கைப்பிரேக் போட்டு, மறுபடி எடுத்தார். கிளட்ச் நழுவவில்லை, புகை அதிகம் இல்லை. இறங்கும்போது இரண்டாவது கியரில் எஞ்சின் பிடியில் விட்டுப் பார்த்தார். நடுவில் இரண்டு இடத்தில் அழுத்திப் பிரேக் போட்டார். வண்டி லேசாக இடது பக்கம் இழுத்தது. கீழே வந்து நான்கு சக்கரத்தின் அருகிலும் கையை வைத்துப் பார்த்தார். ஒன்று மற்றவற்றைவிட அதிகச் சூடு. "ஏறுறது எல்லா வண்டியும் ஏறும் சார். இறங்குறப்பதான் பாக்கணும்" என்றார். ஒரு பக்கக் காலிப்பர் இறுகியிருக்கிறது, சரிசெய்துவிடலாம், ஆனால் விலையில் கழிக்க வேண்டும் என்பது அவர் கணக்கு.

இதற்கு நடுவில் நான் டிரைவர் சீட்டை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். ஏறி இறங்குகிற பக்கத்து விளிம்பு நைந்திருந்தது. கிளட்ச் பெடலின் ரப்பர் ஓரம் மழுங்கி, ஸ்டியரிங்கின் மேல்பக்கம் கண்ணாடி போல வழவழப்பாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் எடுத்த டாக்டருக்கு இவ்வளவு தேயாது. டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும்; முதல் இரண்டு வாரம், பின் இரண்டு வருஷம். நான்கு டயரும் 2012. ஸ்டெப்னி மட்டும் 2006. தம்பி மகனுக்குத் தெரிந்த ஒருவர் சர்வீஸ் சென்டரில் இருந்தார். சேசிஸ் நம்பரைச் சொன்னதும் அரை மணியில் பதில் வந்தது: 2011-லேயே 1,14,000 கிலோமீட்டரில் சர்வீஸ் ஆகியிருக்கிறது.

விற்பவரிடம் சொன்னேன். "மீட்டர் ரிப்பேர் ஆச்சுங்க, வேற மாத்துனதுங்க" என்றார். கோபப்படவும் இல்லை, வெட்கப்படவும் இல்லை.

அவ்வளவு பொய் சொன்னவனிடம் ஏன் வாங்கினீர்கள் என்று பிறகு பலர் கேட்டார்கள். எனக்கு அதில் சந்தேகமே இருக்கவில்லை. பொய் சொன்னது அவர். வண்டி பொய் சொல்லவில்லை. ஒன்றரை லட்சம் ஓடிய வண்டி என்று வைத்து விலை பேசினால் அந்தப் பொய்யால் நமக்கு நஷ்டம் இல்லை. மீட்டரைவிட எனக்குப் பயம் கொடுத்தது டைமிங் பெல்ட். அந்த எஞ்சினில் பெல்ட் அறுந்தால் பிஸ்டன் வால்வில் இடித்து எஞ்சினே போய்விடும். கடைசியாக எப்போது மாற்றினார்கள் என்பதற்கு ரசீது இல்லை. ரசீது இல்லை என்றால் மாற்றவில்லை என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். பெல்ட்டோடு சேர்ந்து சுற்றுகிற தண்ணீர் பம்பையும் மாற்ற வேண்டும். இதெல்லாம் கூட்டிக் கழித்து, 'ஆர்எஸ்' எழுத்துக்கு ஒரு பைசா கிடையாது என்று சொல்லி, 3,40,000-க்கு முடித்தோம். மூன்று தடவை எழுந்து வாசல் வரை போனோம். மூன்றாவது தடவை நிஜமாகவே போகிற எண்ணத்தில்தான் போனேன்.

காகிதம்தான் பெரிய வேலை. ஆர்சி புத்தகத்தில் ஒரு ஃபைனான்ஸ் கம்பெனியின் பெயர் ஈடாகப் பதிந்திருந்தது. கடன் முடிந்துவிட்டது என்றார் விற்பவர். முடிந்தால் படிவம் 35 எங்கே, தடையில்லாச் சான்று எங்கே? பெயர் மாற்றத்துக்கான 29, 30 படிவங்களில் பழைய உரிமையாளர் கையெழுத்து மட்டும் போட்டு, மற்றதெல்லாம் காலியாக இருந்தது. அந்தக் காலத்தில் வியாபாரிகள் வண்டியைத் தங்கள் பெயருக்கு மாற்றவே மாட்டார்கள். உரிமையாளர் விற்றுவிட்டு நிம்மதியாக இருப்பார். வண்டி நான்கு கை மாறி எங்காவது ஆள்மேல் ஏறினால், ஆர்சியில் பெயர் இருக்கிறவரைத் தேடித்தான் நோட்டீஸ் போகும். வங்கியில் இருந்தபோது இப்படி அலைந்தவர்களைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். இதைத் தடுக்க 2022 டிசம்பரில் மோட்டார் வாகன விதிகளைத் திருத்தி, 2023 ஏப்ரல் 1 முதல் பழைய வண்டி வியாபாரிகள் அங்கீகாரச் சான்று வாங்க வேண்டும், வண்டி தங்கள் கைக்கு வந்ததைப் பதிய வேண்டும் என்று ஆக்கியிருக்கிறார்கள். நல்ல விதி. இப்போது வாங்குகிறவர்கள் அந்தச் சான்றை முதலில் கேளுங்கள்.

நாங்கள் ஐயாயிரம் முன்பணம் மட்டும் கொடுத்துவிட்டுத் திரும்பினோம். பையனுக்கு மனசில்லை. அன்றே ஓட்டிக்கொண்டு வந்துவிட வேண்டும் என்று அவனுக்கு. பழைய உரிமையாளரிடம் நானே போனில் பேசினேன். அவர் டாக்டர் இல்லை, துணி வியாபாரி. கடன் முடிந்து ஒரு வருஷம் ஆகியும் சான்று வாங்காமல் விட்டிருந்தார். பன்னிரண்டு நாளில் வாங்கிக் கொடுத்தார். தங்கமான மனிதர். பெல்ட்டை அவரும் மாற்றவில்லை என்று ஒப்புக்கொண்டார். இன்ஷூரன்ஸையும் கையோடு பெயர் மாற்றினோம். அதில் இருந்த நோ கிளெய்ம் போனஸ் வண்டிக்குச் சொந்தம் இல்லை, ஆளுக்குச் சொந்தம். எனவே நமக்கு வராது.

தேனியில் பெல்ட், பம்ப், காலிப்பர், முன் சஸ்பென்ஷன் புஷ் எல்லாம் மாற்ற 38,000 ஆயிற்று. செப்டம்பர் கடைசியில் வண்டி மேலே போனது. எங்கள் தோட்டத்துக்குத் தார் ரோட்டிலிருந்து ஒன்றரை கிலோமீட்டர் மண் பாதை. இந்த வண்டியின் வயிறு தாழ்ந்தது. அதில் இறங்கினால் கல்லில் தட்டும். அந்த ஒன்றரை கிலோமீட்டரும் ஜீப்பில் ஏற மாட்டேன் என்று தம்பி சொல்லிவிட்டான். கடைசியில் தோட்டத்து ஆட்கள் நான்கு பேர் கயிற்றுக் கட்டிலில் வைத்துத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். சாரல் பெய்துகொண்டிருந்தது. ஒரு பெண் பின்னாலேயே குடை பிடித்துக்கொண்டு வந்தாள். கட்டிலில் படுத்துக்கொண்டே, எந்தச் சரிவில் காய் எடுக்காமல் விட்டிருக்கிறார்கள் என்று அவன் சத்தம் போட்டுக்கொண்டு வந்தான்.

பின் சீட்டு இரண்டாகப் பிரிந்து மடியும். பெரிய பாதியை மடித்து, டிக்கி வரை இலவம்பஞ்சு மெத்தை போட்டு, காலை நீட்டிப் படுக்கவைத்து, இரண்டு பக்கமும் தலையணை முட்டுக் கொடுத்தோம். மிச்சப் பாதி சீட்டில் அவன் பெண்சாதி. முன்னால் நான். சட்டப்படி இப்படிப் படுக்கவைத்துக் கொண்டுபோகலாமா என்று கேட்டால் என்னிடம் நல்ல பதில் இல்லை. முப்பது கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டக் கூடாது என்று பையனுக்கு உத்தரவு போட்டிருந்தேன்.

போடிமெட்டு சோதனைச் சாவடி தாண்டி இறக்கம் தொடங்கியதும் யாரும் பேசவில்லை. முதல் வளைவு. இரண்டாவது கியர், பிரேக் தொட்டும் தொடாமலும். வண்டி அசையாமல் திரும்பியது. கண்ணாடியில் தம்பி முகத்தைப் பார்த்தேன். கண்ணை மூடி, சீட்டு விளிம்பை இறுகப் பிடித்திருந்தான். நாலாவது வளைவில் பிடி தளர்ந்தது. கீழே போடி ஊர், பரமசிவன் மலை எல்லாம் மேகத்துக்கு நடுவில் தெரிந்தபோது, "ஏப்பா, இதுக்கு எவ்வளவு கொடுத்தீங்க?" என்றான். சொன்னேன். "ஜாஸ்தி" என்றான். முந்தல் வந்தபோது குறட்டை கேட்டது.

மதுரையில் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து, எலும்பு கூட ஆரம்பித்திருக்கிறது, மறு ஆபரேஷன் வேண்டாம் என்றார்கள். அதற்குப் பிறகு ஒன்பது தடவை அந்த வண்டியில் இறங்கி ஏறினான். ஐந்தாவது தடவையிலிருந்து முன் சீட்டில் உட்கார்ந்து, ஓட்டுவதில் குற்றம் கண்டுபிடிக்கத் தொடங்கிவிட்டான். அடுத்த வருஷக் காய் எடுப்பில் கம்பு ஊன்றிக்கொண்டு சரிவில் நின்றான்.

வண்டி 2019 வரை இருந்தது. பாகம் கிடைப்பது கஷ்டமாகிக்கொண்டே வந்ததால் கொடுத்துவிட்டோம். வாங்க வந்தவர் கம்பத்துக்காரர், திராட்சைத் தோட்டம் வைத்திருப்பவர். மீட்டர் எவ்வளவு என்றார். மீட்டரில் 1,31,000 காட்டும், அதோடு 90,000 கூட்டிக்கொள்ளுங்கள் என்று சொல்லி, சர்வீஸ் சென்டர் கணக்கையும் பெல்ட் மாற்றிய ரசீதையும் தம்பி மகன் அவர் கையில் வைத்தான். அவர் ரசீதைப் பார்த்ததைவிட எங்களை அதிக நேரம் பார்த்தார். பிறகு பின்பக்கம் போய் நின்று, கதவில் விரலால் தடவி, "இங்க என்னமோ எழுத்து இருந்திருக்கே?" என்றார். பையன் அதை வாங்கிய வாரமே பிய்த்துப் போட்டிருந்தான். அந்த இரண்டு எழுத்தின் அச்சு மட்டும், வெயில் படாத நிறத்தில், கடைசி வரை போகவில்லை.